உயிரோடு வந்த பார்சல்

காரக்கோணம் கேரளத்தின் தெற்குக் கோடியில் இருக்கிறது. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த ஊர். சிறிது தூரம் போனால் தமிழ்நாடு வந்து விடும். கடைப் பலகையில் மலையாளம் இருக்கும். பல வீடுகளில் பேச்சு தமிழில் இருக்கும்.

அங்கே ஓர் அக்கா. அவருடைய தம்பி சென்னையில் வேலை செய்கிறார்.

அக்கா வீட்டின் பின்புறம் இரண்டு சிமென்ட் தொட்டி கட்டினார். வண்ண மீன் வளர்த்து விற்கலாம் என்று எண்ணினார். அதற்காகக் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் கடன் வாங்கினார்.

சென்னையின் வடபகுதியில் கொளத்தூர் இருக்கிறது. வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர் பெற்ற இடம். பல ஊர்களுக்கும் அங்கிருந்து மீன் போகிறது. தம்பி அங்கே போய் 200 மீன் வாங்கினார். கப்பி, மோலி, பிளாட்டி என்று மூன்று வகை. தொட்டியில் போடச் செடியும் வாங்கினார். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கட்டி அனுப்பினார்.

பெட்டி வந்தது

பெட்டி எழும்பூரில் ரயில் ஏறியது. இரவு முழுவதும் ஓடியது. மறுநாள் நாகர்கோவிலில் இறங்கியது. அங்கிருந்து வேனில் மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகக் காரக்கோணம் வந்தது. 700 கிலோமீட்டருக்கு மேல் பயணம்.

அக்கா ஆசையாகப் பெட்டியைத் திறந்தார். குப்பென்று நாற்றம் அடித்தது. பைத் தண்ணீர் கலங்கி இருந்தது. பல மீன்கள் மல்லாந்து மிதந்தன. உயிரோடு இருந்தவற்றை அவசரமாகத் தொட்டியில் கொட்டினார். அவற்றிலும் பாதிக்கு மேல் அன்று மாலைக்குள் செத்தன. கடைசியில் மிஞ்சியவை 60 மீன்கள்தான்.

அம்மை திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்தார்.

“இவ்வளவு தூரம் வந்தா மீன் எப்படிப் பிழைக்கும் மக்களே? இந்தத் தொழில் நமக்கு வேண்டாம்” என்றார்.

அக்கா பதில் சொல்லவில்லை. கடன் கட்ட வேண்டும். தொட்டி காலியாகக் கிடக்கிறது. இரவில் தம்பிக்குப் போன் செய்தார்.

“தம்பி, தூரம்தான் காரணமா? கேட்டுச் சொல்லு” என்றார்.

தூரமா கொன்றது?

தம்பி மறுபடி கொளத்தூர் போனார். அங்கே பல ஆண்டுகளாக மீன் பார்சல் கட்டும் ஒரு பெரியவர் இருந்தார். தம்பி நடந்ததைச் சொன்னார்.

“அண்ணே, தூரம் அதிகம். அதான் செத்துப் போச்சு, இல்லையா?”

பெரியவர் சிரித்தார்.

“சென்னையிலிருந்து மீன் ப்ளேன் ஏறிக் கடல் தாண்டிப் போகுது தம்பி. உசிரோடதான் போய்ச் சேருது. உங்க மீனைக் கொன்னது தூரம் இல்ல. பைக்குள்ள இருந்த அழுக்கும் சூடும்தான். பார்சல் கட்டுற அன்னிக்கு மீனுக்குத் தீனி போட்டீங்களா?”

“ஆமா அண்ணே. வழியில பசிக்குமேன்னு நிறையவே போட்டேன்.”

“அதுதான் முதல் தப்பு” என்றார் பெரியவர்.

பைக்குள் என்ன நடக்கிறது?

நாம் காற்றைச் சுவாசிக்கிறோம். மீன் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றைச் சுவாசிக்கிறது. அதில் உள்ள பிராண வாயுதான் உயிர் காக்கிறது. இதைத்தான் ஆக்சிஜன் என்கிறோம்.

மீன் சுவாசிக்கும்போது கரியமில வாயுவை வெளியே விடுகிறது. செவுள் வழியாக அம்மோனியா என்ற கழிவையும் விடுகிறது. தின்ற தீனி கழிவாக வெளியேறுகிறது. குளத்தில் தண்ணீர் ஏராளமாக இருப்பதால் இந்தக் கழிவு பரவிப் போய்விடும். கட்டிய பைக்குள் அது எங்கே போகும்? மீன் தன் கழிவிலேயே கிடக்க வேண்டும்.

தின்ற மீன் அதிகக் கழிவு விடும். அதிகமாகச் சுவாசிக்கும். ஆகவே அனுப்புவதற்கு ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்த வேண்டும். ஒரு நாள் பட்டினி மீனைக் கொல்லாது. வயிறு காலியான மீன் நல்லபடியாகப் பயணம் செய்யும்.

அடுத்தது சூடு. தண்ணீர் சூடானால் அதில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் 7½ மில்லிகிராம்தான் கரையும். சூட்டில் மீன் மூச்சும் வேகமாக வாங்கும். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. குடும்பம் நொடிப்பது போலத்தான் இதுவும்.

பானையில் போன மீன் குஞ்சுகள்

மீனை உயிரோடு அனுப்புவது புதிய வேலை அல்ல. வங்காளத்தில் ஆற்றில் பிடித்த கட்லா, ரோகு மீன் குஞ்சுகளை மண்பானையில் வைத்து ரயிலில் வெகு தூரம் கொண்டு போனார்கள். அந்தப் பானைக்கு அங்கே ஹாண்டி என்று பெயர்.

பானையோடு ஆளும் போவார். பானையை ஆட்டிக் கொண்டே இருப்பார். ஆட்டினால் தண்ணீர் அலம்பும். அலம்பும் தண்ணீரில் காற்று கலக்கும். வழியில் நல்ல தண்ணீர் கிடைத்தால் கொஞ்சம் மாற்றுவார். அவர் கண் அசந்தால் குஞ்சுகள் சாகும்.

பிறகு பாலிதீன் பை வந்தது. பையில் மீனும் தண்ணீரும் வைத்து ஆக்சிஜன் அடைத்தார்கள். பை கிழியாமல் இருக்க மண்ணெண்ணெய் டின்னுக்குள் வைத்தார்கள். ஆட்டுகிற வேலை போயிற்று. இன்று டின்னுக்குப் பதில் தெர்மாகோல் பெட்டி இருக்கிறது. முறை அதேதான்.

மீனைக் கட்டும் முறை

பெரியவர் தம்பியை அருகில் உட்கார வைத்துக் கட்டிக் காட்டினார்.

முதலில் புதிய பாலிதீன் பை எடுத்தார். ஒரு பைக்குள் இன்னொரு பை போட்டார். ஒன்று ஓட்டை ஆனால் மற்றது காக்கும். பையின் அடி மூலைகள் இரண்டையும் ரப்பர் பேண்டால் கட்டினார். மூலையில் இடுக்கு இருந்தால் சிறு மீன் அதில் சிக்கி நசுங்கிச் சாகும்.

பையில் மூன்றில் ஒரு பங்கு சுத்தமான தண்ணீர் விட்டார். சுறுசுறுப்பாக நீந்தும் மீன்களை மட்டும் போட்டார். சோர்ந்த மீனையும் புண் உள்ள மீனையும் ஒதுக்கினார். ஒரு பையில் ஒரு மீன் செத்தால் தண்ணீர் கெடும். மற்ற மீன்களும் சாகும்.

“அண்ணே, தண்ணிய நிறைய ஊத்தினா நல்லதுதானே?” என்று தம்பி கேட்டார்.

“தண்ணி நிறைஞ்சா ஆக்சிஜனுக்கு இடம் எது? மேலே இருக்கற ஆக்சிஜன்தான் கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில கரையணும். அதான் ஒரு பங்கு தண்ணி, ரெண்டு பங்கு ஆக்சிஜன்.”

பெரியவர் பையை அமுக்கி உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினார். சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் விட்டார். பையின் வாயை முறுக்கி, மடக்கி, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினார்.

சிலர் பையை வாயால் ஊதிக் கட்டுவார்கள். இது தவறு. வெளிக் காற்றில் 100 பங்கில் 21 பங்கு ஆக்சிஜன் இருக்கிறது. நாம் ஊதும் காற்றில் சுமார் 16 பங்குதான் இருக்கும். கரியமில வாயுவும் சுமார் 4 பங்கு சேர்ந்திருக்கும். அது மீனுக்குக் கெடுதல்.

ஃபைட்டர் மீன் வேறு மாதிரி. அது தண்ணீருக்கு மேலே வந்தும் காற்றைக் குடிக்கும். நம் ஊர்ப் பனையேறிக் கெண்டையும் அந்த இனத்துக்கு உறவுதான். ஃபைட்டர் மீனுக்குச் சாதாரணக் காற்று அடைத்தால் போதும். ஆனால் இரண்டு ஆண் மீன்களை ஒரே பையில் போடக் கூடாது. ஒன்றை ஒன்று கடித்துக் குதறும்.

தம்பி முதல் தடவை ஒரு பையில் 50 மீன் போட்டிருந்தார். பெரியவர் அதே அளவு பையில் 25 மீன்தான் போட்டார். 200 மீனுக்கு 8 பை ஆயிற்று.

செடிக்கு வேறு பை

தம்பி செடியை எடுத்து மீன் பைக்குள் போடப் போனார். பெரியவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

செடி வெளிச்சத்தில் ஆக்சிஜனை வெளியே விடும். இது பலருக்கும் தெரியும். இருட்டில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக் கொள்ளும். பெட்டிக்குள் ஒரே இருட்டு. அங்கே செடி மீனோடு போட்டி போடும். இலை அழுகினால் தண்ணீரும் கெடும். ஆகவே செடியை மீனோடு சேர்த்து அனுப்பக் கூடாது.

தண்ணீர்ச் செடிக்குப் பயணத்தில் தண்ணீர் வேண்டாம். ஈரம் போதும். முதலில் அழுகிய இலையைக் கிள்ள வேண்டும். தண்ணீரை உதற வேண்டும். ஈரமான செய்தித்தாளில் தளர்வாகச் சுற்ற வேண்டும். பிறகு பையில் போட்டுக் கொஞ்சம் காற்றோடு கட்ட வேண்டும். ஈரம் பைக்குள்ளேயே சுற்றி வரும். செடி வாடாது.

இந்த உண்மையை லண்டனில் ஒரு மருத்துவர் கண்டார். அவர் பெயர் நத்தானியேல் வார்டு. 1829ஆம் ஆண்டு அவர் ஒரு மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் ஈர மண்ணும் ஒரு கூட்டுப்புழுவும் வைத்திருந்தார். புழுவைப் பார்க்க வைத்த பாத்திரத்தில் செடி முளைத்தது. தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்தது. உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் பட்டு, மறுபடி மண்ணில் சொட்டியது. 1833இல் அவர் மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் செடி வைத்துக் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். பல மாதக் கடல் பயணம். செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன.

கண்ணாடிப் பெட்டி செய்த வேலையைத்தான் இன்று கட்டிய பை செய்கிறது.

வழியில்

எட்டு மீன் பையையும் செய்தித்தாளில் சுற்றித் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கினார்கள். பைகள் உருளாமல் இருக்க இடையில் தாள் திணித்தார்கள். செடிப் பையை ஓர் ஓரத்தில் வைத்தார்கள். மூடி போட்டு டேப் ஒட்டினார்கள். தெர்மாகோல் வெளிச் சூட்டை உள்ளே விடாது. உள்ளே இருட்டாக இருக்கும். இருட்டில் மீன் மிரளாமல் அமைதியாக இருக்கும்.

கடும் கோடையில் ஐஸ் துண்டும் வைப்பார்கள். அதைத் தனிப் பையில் போட்டு, பல சுற்றுத் தாள் சுற்றி, ஓர் ஓரத்தில் வைக்க வேண்டும். மீன் பையில் நேராகப் படக் கூடாது. திடீர்க் குளிரும் மீனைக் கொல்லும்.

பெட்டியின் மேல் தம்பி பெரிய எழுத்தில் எழுதினார்: “உயிருள்ள மீன். வெயிலில் வைக்காதீர். கவிழ்க்காதீர்.” வந்து சேரும் நேரத்தை அக்காவுக்குப் போனில் சொன்னார். முதல் தடவை பெட்டி நாகர்கோவிலில் இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்தது. இந்தத் தடவை அக்கா வண்டி வரும் முன்பே அங்கே போய் நின்றார்.

வந்து சேர்ந்த பின்

அக்கா முதல் நாளே தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். அது கிணற்றுத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் என்றால் அதில் குளோரின் இருக்கும். அதை ஒரு நாளாவது திறந்து வைத்த பிறகே மீன் விட வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் பையைக் கட்டு அவிழ்க்காமல் தொட்டியில் மிதக்க விட்டார். 20 நிமிடம் அப்படியே இருந்தது. பைத் தண்ணீரின் சூடும் தொட்டித் தண்ணீரின் சூடும் ஒன்றாயின.

பிறகு ஒரு பையை அவிழ்த்தார். தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளர் எடுத்துப் பையில் ஊற்றினார். சில நிமிடம் பொறுத்தார். மறுபடி ஒரு டம்ளர். இப்படி மூன்று தடவை செய்தார். கொளத்தூர்த் தண்ணீர் வேறு, காரக்கோணத்துச் செம்மண் பூமித் தண்ணீர் வேறு. புதுத் தண்ணீருக்கு மீன் பழக வேண்டும்.

ஆனால் ரொம்ப நேரம் எடுக்கக் கூடாது. கட்டிய பையில் கரியமில வாயு சேர்ந்திருக்கும். அது இருக்கும் வரை அம்மோனியாவின் கடுமை குறைவாக இருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியே போகும். உடனே அம்மோனியாவின் கடுமை ஏறும். ஆகவே பையைத் திறந்து போட்டு விட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது. திறந்த பைக்குள் காற்றுக் குழாயும் போடக் கூடாது. கால் மணி நேரத்துக்குள் மீனைத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். இப்படி ஒவ்வொரு பையாக அவிழ்க்க வேண்டும்.

அக்கா மீனைச் சிறு வலையால் எடுத்துத் தொட்டியில் விட்டார். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவில்லை. தென்னை மூட்டில் ஊற்றினார். அன்று தீனி போடவில்லை. மறுநாள் கொஞ்சமாகப் போட்டார். புது மீன்களைப் பழைய மீன்களோடு உடனே சேர்க்கவில்லை. இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தார். நோய் இருந்தால் அதற்குள் தெரிந்து விடும்.

இந்தத் தடவை 190 மீன்கள் பிழைத்தன.

அம்மை தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “எல்லாம் ஓடுதே மக்களே!” என்றார்.

கணக்குப் போடுவோம்

மீன் ஒன்று 10 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம்.

முதல் தடவை:
200 மீனின் விலை 2,000 ரூபாய்.
பார்சல் செலவு 300 ரூபாய்.
மொத்தம் 2,300 ரூபாய்.
பிழைத்தவை 60.
ஒரு மீனுக்கு ஆன செலவு 38 ரூபாய் 33 பைசா.

இரண்டாம் தடவை:
200 மீனின் விலை 2,000 ரூபாய்.
பை அதிகம், பெட்டி பெரியது. பார்சல் செலவு 500 ரூபாய்.
மொத்தம் 2,500 ரூபாய்.
பிழைத்தவை 190.
ஒரு மீனுக்கு ஆன செலவு சுமார் 13 ரூபாய் 16 பைசா.

பார்சலுக்கு 200 ரூபாய் அதிகம் செலவானது. ஆனால் மீனின் அடக்க விலை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. மீனை நெருக்கி அடைத்தால் லாபம் என்று தோன்றும். அது லாபம் அல்ல.

குளத்தில் விடாதீர்கள்

செடிப் பையை அவிழ்த்தபோது சில தண்டுகள் மிஞ்சின. அண்டை வீட்டுப் பையன் அவற்றைக் கேட்டான்.

“மாமி, இதைக் குளத்துல போடட்டா? அழகா வளருமே.”

“வேண்டாம் மக்கா. அழகா வளராது, குளத்தையே மூடிப் போடும்” என்றார் அக்கா.

அவர் சொன்னது உண்மை. ஆப்பிரிக்கன் பாயல் என்று ஒரு மிதக்கும் செடி உண்டு. பெயர்தான் ஆப்பிரிக்கா. அதன் சொந்த இடம் தென் அமெரிக்கா. அது கேரளத்தின் வயல்களையும் தோடுகளையும் மூடியது. 1980களில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டு வந்து விட்டார்கள். அந்த வண்டு தின்ற பிறகே பல இடங்களில் பாயல் அடங்கியது.

2020ஆம் ஆண்டு கோழிக்கோடு மாவட்டத்தில் ஆவளப்பாண்டி என்ற இடத்தில் ஒரு தோடு முழுவதும் இளஞ்சிவப்புப் பூ பூத்தது. பார்க்கக் கூட்டம் கூடியது. சிலர் செடியைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டு போனார்கள். அது முள்ளன் பாயல். அதுவும் தென் அமெரிக்காப் பக்கத்துச் செடிதான். மீன் தொட்டியில் வளர்ப்பது. ஒரு துண்டுத் தண்டு போதும், புது இடத்தில் பரவும். அடர்ந்து வளர்ந்தால் தண்ணீர் ஓட்டம் தடைபடும்.

மீனும் அப்படித்தான். தொட்டியின் பாசியைத் தின்னும் என்று சக்கர் மீனை வாங்குகிறார்கள். அது பெரிதானதும் குளத்தில் விடுகிறார்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பல நீர்நிலைகளில் இன்று அது பெருகி விட்டது. 2018 வெள்ளத்தின்போது வளர்ப்பு இடங்களிலிருந்து வெளிநாட்டு மீன்கள் தப்பின. அவை கேரளத்து ஆறுகளில் வலையில் சிக்கின.

அக்கா மிஞ்சிய தண்டுகளை வெயிலில் நன்றாக உலர்த்தினார். பிறகு குழியில் போட்டு மூடினார். நெய்யாற்றில் பிழைக்கும் மீனும் நம் குளத்து மீனும் நமக்கு வேண்டும் அல்லவா?

நினைவில் வைப்போம்

1. அனுப்புவதற்கு ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்த வேண்டும்.
2. ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன்.
3. நல்ல மீனை மட்டும் போட வேண்டும். நெருக்கக் கூடாது.
4. செடியை ஈரத் தாளில் சுற்றித் தனிப் பையில் வைக்க வேண்டும்.
5. பெட்டி வெயிலில் கிடக்கக் கூடாது.
6. வந்ததும் பையை மிதக்க விட வேண்டும். திறந்த பிறகு தாமதிக்கக் கூடாது.
7. மீனையோ செடியையோ குளத்தில் விடக் கூடாது.

விடை சொல்லுங்கள்

1. முதல் தடவை மீன்கள் சாகக் காரணங்கள் எவை?
2. செடியை ஏன் மீனோடு சேர்த்து அனுப்பக் கூடாது?
3. வங்காளத்தில் பானையை ஏன் ஆட்டிக் கொண்டே போனார்கள்?
4. மீன் ஒன்று 5 ரூபாய். 100 மீன் வாங்கினார்கள். பார்சல் செலவு 220 ரூபாய். 90 மீன் பிழைத்தது. ஒரு மீனுக்கு ஆன செலவு எவ்வளவு?

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊர்க் குளத்தில் வெளியூர் மீனோ செடியோ வந்திருக்கிறதா? அது எப்படி வந்தது? ஊரில் வயதானவர்களிடம் கேளுங்கள். கேட்டதை ஐந்து வரியில் எழுதுங்கள்.